சாலை யாருக்கு? சிட்னி நகர டிராம்களின் எழுச்சி, வீழ்ச்சி, மீள்வருகை (1861–2024)

ஆய்வுச் சுருக்கம்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1861இல் அறிமுகமான டிராம் போக்குவரத்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகின் பெரிய டிராம் அமைப்புகளுள் ஒன்றாக வளர்ந்தது. 1961 பிப்ரவரியில் முற்றிலும் நிறுத்தப்பட்டது. 1997இல் ‘இலகு ரயில்’ என்னும் பெயரில் மீண்டும் வந்தது. இவ்வரலாற்றைப் பழைய தொழில்நுட்பம் புதியதற்கு வழிவிட்ட நிகழ்வாக மட்டும் காண்பது போதாது என இக்கட்டுரை வாதிடுகிறது. சிட்னி டிராம்களின் ஒவ்வொரு திருப்பமும், வரம்புக்குட்பட்ட சாலைப்பரப்பை எவருக்கு ஒதுக்குவது என்ற அரசியல் தீர்மானத்தோடு பிணைந்திருந்தது. அத்தீர்மானத்தை மாற்றிக்கொள்ள நகரம் பின்னாளில் தர நேர்ந்த விலையையும் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சிட்னி, டிராம், இலகு ரயில், நகர வரலாறு, சாலைப்பரப்பு, பொதுப்போக்குவரத்து.

முன்னுரை

டிராம்களின் மறைவுக்கு மூன்று வகையான விளக்கங்கள் பெரும்பாலும் தரப்படுகின்றன. முதலாவது, தொழில்நுட்ப விளக்கம். குதிரை வண்டியை டிராம் வென்றது. டிராமைப் பேருந்தும் காரும் வென்றன. இது இயல்பான வளர்ச்சி என்பது அதன் சாரம். இரண்டாவது, வணிகச் சூழ்ச்சி விளக்கம். அமெரிக்க நகரங்களைப் பற்றிப் பேசுவோர், வாகன உற்பத்தி நிறுவனங்களும் எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து டிராம் நிறுவனங்களை வாங்கி ஒழித்தன என்று கூறுவர். மூன்றாவது, நிதிநெருக்கடி விளக்கம். 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய சென்னையில், அதை நடத்திய தனியார் நிறுவனம் நட்டத்தில் வீழ்ந்ததால் 1953 ஏப்ரலில் சேவை நின்றுபோனதைத் தமிழ் வாசகர் அறிவர்.

இம்மூன்றனுள் எதுவும் சிட்னிக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. அங்கே டிராம் அமைப்பு ஏறத்தாழ தொடக்கம் முதலே அரசின் உடைமை. எனவே அதை வாங்கி ஒழிக்கத் தனியாருக்கு வாய்ப்பில்லை. திவாலாகி நின்றுபோகவும் வழியில்லை. தொழில்நுட்பம் காலாவதியானது என்றால், அதே நாட்டின் மெல்போர்ன் நகரில் டிராம்கள் இடையறாது ஓடிவருவதையும், சிட்னியே அவற்றைத் திரும்பக் கொண்டுவந்ததையும் விளக்க இயலாது. ஆகவே வேறொரு கேள்வியோடு இவ்வரலாற்றை அணுக வேண்டியுள்ளது. டிராம் எந்த இடத்தில் ஓடியது? அந்த இடத்தை வேறு எவர் வேண்டினர்? அவ்வேண்டுகோள்களுக்கிடையே அரசு எவர் பக்கம் நின்றது? இக்கேள்விகளின் வழியே சிட்னியின் நூற்றறுபது ஆண்டுக்கால அனுபவத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பிட் தெருவின் குதிரை டிராம் (1861–1866)

சிட்னியின் முதல் ரயில் நிலையம் நகர மையத்திலிருந்து விலகி ரெட்ஃபெர்ன் பகுதியில் அமைந்திருந்தது. அங்கிருந்து துறைமுகத்தின் சர்குலர் கீ வரை பிட் தெரு வழியாகக் குதிரைகள் இழுக்கும் டிராம் 1861 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. ரயில் பயணிகளை நகரின் வணிகப் பகுதிக்கும் கப்பல் துறைக்கும் இணைப்பதே அதன் நோக்கம்.

இம்முயற்சி ஐந்தாண்டுகளே நீடித்தது. தண்டவாளங்கள் சாலையின் மட்டத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தமையால் பிற வண்டிகளின் சக்கரங்கள் அவற்றில் மோதிச் சேதமுற்றன. வண்டிக்காரர்களும் தெருவோர வணிகர்களும் கடுமையாக எதிர்த்தனர். 1864 ஜனவரியில், பைரனின் கவிதைகளுக்கு இசையமைத்துப் புகழ்பெற்றுப் பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறிய இசைக்கலைஞர் ஐசக் நேதன், பிட் தெருவில் டிராமிலிருந்து இறங்கும்போது அதன் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். 1866இன் இறுதியில் சேவை நிறுத்தப்பட்டுத் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன.

இத்தோல்வியைத் தொழில்நுட்பக் குறைபாடு என்று மட்டும் கொள்ளலாகாது. தண்டவாளத்தைச் சாலை மட்டத்தோடு பதிக்கும் முறை பின்னாளில் எளிதாகக் கைவந்தது. பயணியர் தேவையும் இல்லாமற்போகவில்லை. ஒரே தெருவைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவர்களுள் எவருக்கு முன்னுரிமை என்பது தீர்க்கப்படவில்லை. தீர்க்கப்படாத நிலையில் பழைய பயனாளிகளின் உரிமையே வென்றது. பிற்காலத்தில் நிகழவிருந்த பெரிய மோதலின் சிறிய வடிவத்தை இங்கே காணலாம்.

2. தற்காலிக ஏற்பாடு நிலைபெற்ற விதம் (1879–1899)

1879இல் சிட்னியில் பன்னாட்டுக் கண்காட்சி நடைபெற்றது. அதற்கு வரும் மக்களை ரயில் நிலையத்திலிருந்து ஏற்றிச் செல்வதற்காக, எலிசபெத் தெரு வழியாக ஹன்டர் தெரு வரை அவ்வாண்டு செப்டம்பரில் டிராம் பாதை திறக்கப்பட்டது. அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையில் செய்யப்பட்ட நீராவி எந்திரங்கள் விரைவிலேயே அதில் ஓடின. கண்காட்சி முடிந்ததும் அகற்றிவிடலாம் என்னும் எண்ணத்தோடு போடப்பட்ட பாதை அது. ஆனால் எதிர்பார்த்ததைக் காட்டிலும் மக்கள் அதனை நாடினர், வருவாயும் பெருகியது. 1880இல் டிராம்வே விரிவாக்கச் சட்டம் நிறைவேறியது. அரசே புறநகர்களுக்குப் பாதைகள் அமைக்க அது வழிவகுத்தது.

இங்கே இரண்டு கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, பாதை தேர்ந்தெடுக்கப்பட்ட விதம். முந்தைய தோல்விக்குக் களமான பிட் தெருவும், நகரின் முதன்மை வணிகச் சாலையான ஜார்ஜ் தெருவும் தவிர்க்கப்பட்டன. மற்றொன்று, உடைமை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனியார் நிறுவனங்கள் நகராட்சிகளிடம் உரிமம் பெற்று டிராம் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், நியூ சவுத் வேல்ஸில் காலனி அரசின் ரயில்வே நிர்வாகமே டிராமையும் நடத்தியது. தெருவில் தண்டவாளம் பதிக்கும் முடிவு நகராட்சியைக் கடந்து அரசின் கையில் இருந்தது. டிராமின் விரைவான வளர்ச்சிக்கு இவ்வதிகாரம் துணை நின்றது. எண்பதாண்டுகளுக்குப் பின், அதே அதிகாரம் அதன் முடிவையும் விரைவாக்கியது.

நீராவி டிராம்கள் புகையும் தீப்பொறியும் இரைச்சலுமாக நெருக்கமான தெருக்களில் சென்றன. எனவே மாற்று வழிகள் தேடப்பட்டன. துறைமுகத்தின் வடகரையில் 1886இல் நிலத்தடிக் கம்பிவடத்தால் இழுக்கப்படும் டிராம் தொடங்கப்பட்டது; 1894இல் கிங் தெருவிலும் அம்முறை வந்தது. 1890களில் மின்சார டிராம் சோதிக்கப்பட்டது. 1899 டிசம்பரில் ஜார்ஜ் தெருவில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோதுதான் நகரின் முதன்மைச் சாலையில் டிராம் நிலையாகக் கால்பதித்தது. அதற்கு மின்சாரம் வழங்க அல்டிமோ பகுதியில் கட்டப்பட்ட மின்நிலையக் கட்டடமே 1988 முதல் பவர்ஹவுஸ் அருங்காட்சியகமாக அறியப்படுகிறது.

3. மின்சாரமும் நகர விரிவாக்கமும் (1899–1932)

அடுத்த பத்தாண்டுகளில் நீராவிப் பாதைகளுள் பெரும்பாலானவை மின்மயமாயின. 1923இல் பாதைகளின் மொத்த நீளம் 291 கிலோமீட்டரை எட்டியது. உச்சகாலத்தில் ஏறத்தாழ 1,600 வண்டிகள் ஓடின. பாண்டை, கூஜீ முதலிய கடற்கரைகளுக்கும், ரேண்ட்விக் குதிரைப்பந்தயத் திடலுக்கும், மூர் பார்க்கை ஒட்டிய விளையாட்டு மைதானத்துக்கும் கூட்டம் கூட்டமாக மக்கள் டிராமில் சென்றனர். பந்தய நாள்களில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும் வகையில் தனி நிலையமே அமைக்கப்பட்டிருந்தது. விரைந்து மறைந்தவரைப் ‘பாண்டை டிராம் போல’ மறைந்தார் என்று கூறும் வழக்கு, டிராம் நின்ற பின்னும் ஆஸ்திரேலியப் பேச்சில் நிலைத்தது. நகர வாழ்வில் அது எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்கு இம்மரபுத்தொடரே சான்று.

டிராமின் தாக்கம் பயணத்தோடு நிற்கவில்லை. பணியிடத்துக்கு நடந்து செல்லும் தொலைவில்தான் வசிக்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து தொழிலாளர் குடும்பங்களை அது விடுவித்தது. பாதை நீண்ட திசையில் மனைகள் பிரிக்கப்பட்டன. நிறுத்தங்களைச் சுற்றிக் கடைத்தெருக்கள் உருவாயின. இன்றைய உட்புறநகர்களின் கடைத்தெருக்கள் பல பழைய டிராம் பாதைகளின் மேல் அமைந்தவையே.

இப்பெருமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1908 முதல் 626 வண்டிகள் வரை கட்டப்பட்ட ‘ஓ’ வகை டிராமில் உள்ளே நடைவழி கிடையாது. குறுக்குவாட்டில் அமைந்த இருக்கை வரிசைகளுக்குப் பக்கவாட்டுப் படிப்பலகையிலிருந்து நேரே ஏறவேண்டும். ஏறத்தாழ 80 பேர் அமரக்கூடிய அவ்வண்டி கூட்டத்தை விரைவாக ஏற்றி இறக்கியது. ஆனால் நடத்துநர், ஓடும் வண்டியின் வெளிப்புறப் படிப்பலகையில் தொற்றியபடியே பயணச்சீட்டு வழங்க வேண்டியிருந்தது. வழுக்கி விழுந்தும், எதிரே வரும் வாகனங்களில் மோதியும் நடத்துநர்கள் காயமுற்றனர், உயிரிழந்தவர்களும் உண்டு. மலிவான, விரைவான பயணத்தின் செலவில் ஒரு பகுதியைத் தொழிலாளர் தம் உடலால் செலுத்தினர் என்பதை நகர வரலாறு மறத்தலாகாது. 1917 ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸையே நிலைகுலையச் செய்த பெருவேலைநிறுத்தம், ரேண்ட்விக் டிராம் பணிமனையிலும் ஈவ்லி ரயில்வே பணிமனையிலும், தொழிலாளரின் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தைப் பதிவுசெய்யும் அட்டைமுறைக்கு எதிராகத் தொடங்கியது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

1932 மார்ச்சில் சிட்னி துறைமுகப் பாலம் திறக்கப்பட்டது. அதன் மேற்குப் பக்கத்தில் ரயிலுக்கும் கிழக்குப் பக்கத்தில் டிராமுக்கும் தண்டவாளங்கள் இடப்பட்டன. வடகரையிலிருந்து வந்த டிராம்கள் வின்யார்டு நிலத்தடி முனையத்தில் நின்றன. நாட்டின் தலைசிறந்த பொறியியல் சாதனையில் டிராமுக்கென இரு தடங்கள் ஒதுக்கப்பட்டிருந்ததை, அது தன் உரிமையின் உச்சத்தில் நின்ற தருணமாகக் கொள்ளலாம்.

4. உச்சமும் சரிவும் (1939–1961)

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீடு நடைமுறையில் இருந்தமையால் மக்கள் டிராமையே சார்ந்திருந்தனர். போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டில் 40.5 கோடிப் பயணங்கள் பதிவாயின. 1947 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 15 லட்சம். அதாவது, குழந்தைகள் உட்பட ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 270 பயணங்கள். இவ்வுச்சத்திலிருந்து பதினாறே ஆண்டுகளில் முழு அமைப்பும் மறைந்தது என்பதே விளக்கம் வேண்டும் செய்தி.

காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. போர்க்காலத்தில் வண்டிகளும் தண்டவாளங்களும் மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டன, பராமரிப்போ தள்ளிப்போடப்பட்டது. போருக்குப் பின் அவற்றைப் புதுப்பிக்கப் பெருந்தொகை தேவைப்பட்டது. 1948இல் ஆஸ்திரேலியாவிலேயே உற்பத்தி செய்யப்பட்ட ஹோல்டன் கார் சந்தைக்கு வந்தது. 1950இல் பெட்ரோல் பங்கீடு நீங்கியது. சாலைகளில் கார்கள் பெருகின. வளர்ந்துவந்த புதிய புறநகர்கள் டிராம் பாதைகளுக்கு அப்பால் இருந்தன. வாகன உரிமையாளர் அமைப்புகள், நெரிசலுக்கு டிராமே காரணம் என்று அழுத்தம் தந்தன. தலைநகர் லண்டனே 1952இல் தன் டிராம்களைக் கைவிட்டிருந்தது. அதைப் பின்பற்றுவதே நவீனம் என்ற எண்ணம் நிர்வாகிகளிடம் வேரூன்றியது.

எனினும் இக்காரணங்களுக்கு அடியில் ஒரு கணக்கு முறையும் செயல்பட்டது. டிராமின் தண்டவாளம், மின்கம்பி, மின்வழங்கல் ஆகியவற்றின் செலவு முழுவதும் டிராமின் கணக்கில் ஏறியது. பேருந்துக்கும் காருக்கும் சாலை அமைக்கும் செலவோ பொதுச்செலவாகக் கருதப்பட்டது. ஆகவே ஏட்டில் டிராம் விலைமிக்கதாகவும் பேருந்து மலிவானதாகவும் தோன்றின. அவை அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு விலை போடப்படவில்லை. ஓரிருவரை ஏற்றிச் செல்லும் காரும், பலரை ஏற்றிச் செல்லும் டிராமும் நெரிசலில் நின்றபோது, வழிமறிப்பது டிராம் என்று முடிவு கட்டப்பட்டது.

மூடல்கள் படிப்படியாக நிகழ்ந்தன. மேன்லி பாதைகள் 1939இலேயே நின்றுவிட்டன. 1950களில் மாநில அரசின் கொள்கை உறுதிப்பட்டது. 1950களின் தொடக்கம் வரை ‘ஆர்1’ வகைப் புதிய வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அவையும் பத்தாண்டு முழுமையாக ஓடவில்லை. 1958 ஜூனில் துறைமுகப் பாலத்தின் மீதான டிராம் நின்றது. மறு ஆண்டு அத்தடங்கள் இரண்டும் மோட்டார் வாகனங்களுக்கான தடங்களாயின. வின்யார்டு முனையத்தின் சுரங்கங்கள் கார் நிறுத்துமிடமாக மாறின. பெனலாங் முனையில் இருந்த ஃபோர்ட் மக்குவாரி டிராம் பணிமனை 1958இல் இடிக்கப்பட்டது. உலகறிந்த சிட்னி ஓப்பரா மாளிகை அவ்விடத்தில்தான் எழுந்தது. 1961 பிப்ரவரி 25 அன்று லா பெரூஸ் பாதையில் கடைசி டிராம் ஓடியது. ஓய்வுபெற்ற வண்டிகளுள் பெரும்பாலானவை ரேண்ட்விக் பணிமனையில் தீயிட்டு எரிக்கப்பட்டன. ஆர்வலர்கள் காப்பாற்றிய சில வண்டிகள் மட்டும் லாஃப்டஸ் டிராம் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடுகின்றன.

டிராம் விட்டுச்சென்ற இடங்கள் எவற்றுக்குப் பயன்பட்டன என்ற வினாவே இங்கே முதன்மையானது. பாலத்தின் தடங்கள் வாகனங்களுக்கு, சுரங்கம் கார் நிறுத்தத்துக்கு, தனித்தடங்கள் சாலை விரிவாக்கத்துக்கும் பேருந்துத் தடத்துக்கும் என அவை பிரித்தளிக்கப்பட்டன. ஓப்பரா மாளிகை போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, டிராமின் பரப்பில் பெரும்பகுதி மோட்டார் வாகனத்தைச் சேர்ந்தது.

5. மெல்போர்ன்: ஓர் ஒப்பீடு

சிட்னியின் தெருக்கள் குறுகலானவை, வளைந்தவை. ஆகவே மூடல் தவிர்க்க முடியாதது என்பது வலுவான எதிர்வாதம். அகன்ற தெருக்களோடு திட்டமிடப்பட்ட மெல்போர்னில் டிராமும் காரும் அருகருகே செல்ல முடிந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் தெருவின் அகலம் மட்டுமே முடிவைத் தீர்மானிக்கவில்லை. மெல்போர்னில் டிராமை நடத்தியது தனி அதிகாரம் பெற்ற வாரியம். 1949 முதல் 1970 வரை அதன் தலைவராக இருந்த ராபர்ட் ரிசன் டிராமை உறுதியுடன் ஆதரித்தார். அங்கும் பத்திரிகைகளும் வாகன ஓட்டிகளும் எதிர்த்தனர்; எனினும் வாரியம் தண்டவாளங்களைக் கான்கிரீட்டில் பதித்துப் புதுப்பித்தது. அகற்றுவதற்கு ஆகும் செலவும் உழைப்பும் அதனால் உயர்ந்தன.

சிட்னியிலும் எல்லாப் பாதைகளும் குறுகிய தெருக்களில் அமைந்தவை அல்ல. ஆன்சாக் பரேட் உள்ளிட்ட இடங்களில் டிராம் தனக்கெனப் பிரிக்கப்பட்ட தனித்தடத்தில் ஓடியது. காருக்கு வழிமறிக்காத அப்பாதைகளும் மூடப்பட்டன; கடைசியாக நின்ற லா பெரூஸ் பாதையே ஆன்சாக் பரேட் வழியாகச் சென்றதுதான். நெரிசல் மட்டுமே காரணமாக இருந்திருப்பின் இவற்றையேனும் விட்டுவைத்திருக்கலாம். ஆகவே தெருக்களின் இயல்பு மூடலுக்குத் துணைபுரிந்த காரணம். தீர்மானித்த காரணம் கொள்கையே என்ற முடிவுக்கு வரலாம்.

6. சாலையைத் தவிர்த்த மீள்வருகை (1988–2014)

டிராம் நின்றபின் ஜார்ஜ் தெரு பேருந்துகளாலும் கார்களாலும் நிறைந்தது. நெரிசல் நீங்கவில்லை, அதன் வடிவமே மாறியது. 1980களில் டார்லிங் ஹார்பர் பகுதி மறுசீரமைக்கப்பட்டபோது அதை நகர மையத்தோடு இணைக்கும் தேவை எழுந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டது டிராம் அன்று. தெருவுக்கு மேலே தூண்களின் மீது செல்லும் ஒற்றைத் தண்டவாள ரயில். 1988 ஜூலையில் தொடங்கிய அது 2013 ஜூனில் மூடப்பட்டு அகற்றப்பட்டது. நகரின் பிற போக்குவரத்தோடு அது ஒருபோதும் ஒன்றவில்லை. எனினும் வரலாற்று நோக்கில் அது பொருள் பொதிந்தது: சாலையிலிருந்து ஓரடியையும் கேட்காமல் பொதுப்போக்குவரத்தை அமைக்கும் முயற்சி அது.

1997 ஆகஸ்ட் 31 அன்று சென்ட்ரல் நிலையத்திலிருந்து வென்ட்வொர்த் பார்க் வரை இலகு ரயில் தொடங்கியது. 2000இல் அது லில்லிஃபீல்டு வரையும், 2014 மார்ச்சில் டல்விச் ஹில் வரையும் நீண்டது. சென்ட்ரல் நிலையத்தில் பழைய டிராம்கள் நின்ற அதே தூண்வரிசை மண்டபத்தில் புதிய வண்டிகளும் நின்றன. ஆனால் பாதையின் பெரும்பகுதி தெருவில் அமையவில்லை. கைவிடப்பட்ட சரக்கு ரயில் பாதையில் அமைந்தது. சென்ட்ரலை ஒட்டிய சிறு பகுதியில் மட்டுமே வண்டி தெருவில் இறங்கியது. எவரும் உரிமை கோராத இடம் கிடைத்ததால்தான் அந்த மீள்வருகை இயன்றது. கார்களுக்கு ஒதுக்கப்பட்ட பரப்பின் மீது கைவைக்க அரசு இன்னும் ஆயத்தமாக இல்லை.

7. ஜார்ஜ் தெருவுக்குத் திரும்புதல் (2007–2020)

2007இல் சிட்னி மாநகர மன்றத்துக்காக டென்மார்க்கின் நகர வடிவமைப்பாளர் யான் கேல் அளித்த ஆய்வு, ஜார்ஜ் தெருவை நடப்போருக்கும் இலகு ரயிலுக்கும் உரியதாக மாற்றப் பரிந்துரைத்தது. மாநகரத் தலைவர் குளோவர் மூர் இதனைத் தொடர்ந்து வலியுறுத்தினார். 2012இல் மாநில அரசு சர்குலர் கீயிலிருந்து ரேண்ட்விக், கிங்ஸ்ஃபோர்டு ஆகிய இடங்களுக்கு 12 கிலோமீட்டர் நீளமும் 19 நிறுத்தங்களும் கொண்ட பாதையை அறிவித்தது. அதற்கு அரசு முன்வைத்த முதன்மையான காரணங்களுள் ஒன்று, நகர மையத்தில் வரிசைகட்டி நிற்கும் பேருந்துகளைக் குறைப்பது. இணைக்கப்பட்ட ஒரு வண்டித்தொடர் 450 பேரை, அதாவது ஒன்பது பேருந்துகளில் செல்வோரை, ஏற்றிச் செல்லும் என்று அரசு விளக்கியது. நெரிசலைக் காட்டி டிராமை அகற்றிப் பேருந்தைக் கொணர்ந்த அதே மாநிலம், நெரிசலைக் காட்டியே பேருந்தைக் குறைத்து டிராமைக் கொணர்ந்தது. ஐம்பதாண்டுகளில் தலைகீழானது வாதத்தின் அளவுகோல்: முன்பு எத்தனை வாகனங்கள் கடக்கின்றன என்று எண்ணினர், இப்போது எத்தனை மனிதர்கள் கடக்கின்றனர் என்று எண்ணினர்.

2015 அக்டோபரில் ஜார்ஜ் தெருவில் பணி தொடங்கியது. முதலில் சுமார் 160 கோடி ஆஸ்திரேலிய டாலர் என மதிப்பிடப்பட்ட செலவு, மாநிலத் தலைமைத் தணிக்கையரின் 2020ஆம் ஆண்டு அறிக்கையின்படி குறைந்தது 310 கோடி டாலரைத் தொட்டது. தெருவின் அடியில் பல தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த மின்வடங்களும் குழாய்களும் பெருந்தடையாயின. அது குறித்த பூசலில் கட்டுமான நிறுவனத் தரப்புக்கு 2019இல் 57.6 கோடி டாலர் வழங்கி அரசு உடன்பாடு கண்டது. பணி நீண்டதால் வணிகம் இழந்த சிறு கடைக்காரர்கள் நீதிமன்றம் சென்றனர். ரேண்ட்விக் பகுதியில் முதிர்ந்த மரங்கள் வெட்டப்பட்டதை எதிர்த்து மக்கள் போராடினர். மீள்வருகையைப் புகழும் எழுத்துகள் இவ்விழப்புகளைக் கடந்துபோய்விடலாகாது. படிப்பலகை நடத்துநர் முதல் ஜார்ஜ் தெருக் கடைக்காரர் வரை, நகரத்தின் நன்மைக்கான செலவு எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை.

2019 டிசம்பர் 14 அன்று ரேண்ட்விக் பாதையும், 2020 ஏப்ரல் 3 அன்று கிங்ஸ்ஃபோர்டு பாதையும் திறக்கப்பட்டன. ஜார்ஜ் தெருவின் பெரும்பகுதி கார்கள் இல்லாத நடைவெளியானது. நகர மையத்தில் மேல்நிலைக் கம்பிகள் இன்றித் தரையிலிருந்தே வண்டிகள் மின்சாரம் பெறுகின்றன. மூர் பார்க், பந்தயத் திடல், ஆன்சாக் பரேட் எனப் பழைய டிராம் சென்ற வழியையே புதிய பாதையும் பெரிதும் பின்பற்றுகிறது. 2024 டிசம்பரில் மேற்கு சிட்னியில் வெஸ்ட்மீட்டிலிருந்து பாரமட்டா வழியாகக் கார்லிங்ஃபோர்டு வரை மற்றொரு 12 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் குடிபெயர்ந்த தமிழர் கணிசமாக வாழும் பகுதி அது. பழைய டிராம் அமைப்பு சென்றடையாத உள்நாட்டுப் புறநகர்களின் அன்றாடப் பயணத்தில் இப்போதுதான் இலகு ரயில் இடம்பெறத் தொடங்கியுள்ளது.

முடிவுரை

சிட்னி டிராமின் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, டிராமின் ஒவ்வொரு திருப்பமும் இடம் பற்றிய தீர்மானத்தோடு இணைந்துள்ளது. 1866இல் வண்டிக்காரர்களின் உரிமை வென்றது; 1880இல் அரசு டிராமுக்கு இடம் அளித்தது; 1961இல் அவ்விடத்தைக் காருக்கு மாற்றியது; 1997இல் எவரும் வேண்டாத இடத்தில் அதை ஓடவிட்டது; 2019இல் காரிடமிருந்து ஒரு தெருவைத் திரும்பப் பெற்றது. எந்திரம் குதிரையிலிருந்து நீராவிக்கும் மின்சாரத்துக்கும் மாறியதைக் காட்டிலும் இம்மாற்றங்களே அதன் விதியை வகுத்தன.

இரண்டாவது, பொது உடைமை மட்டும் பொதுப்போக்குவரத்துக்குக் காப்பு ஆகாது. சென்னையில் தனியார் நிறுவனத்தின் வீழ்ச்சி டிராமை நிறுத்தியது. சிட்னியில் அரசே நிறுத்தியது. உடைமை எவரிடம் உள்ளது என்பதோடு, செலவையும் பயனையும் எவ்வாறு கணக்கிடுகின்றனர் என்பதையும் ஆய்வாளர் வினவ வேண்டும்.

மூன்றாவது, ஒருமுறை விட்டுக்கொடுத்த இடத்தை மீட்பது எளிதன்று. 1923இல் 291 கிலோமீட்டராக இருந்த அமைப்பு, பெருஞ்செலவில் மூன்று கட்டங்களாக மீண்ட பின்னும் சுமார் 37 கிலோமீட்டரே உள்ளது. பழைய நீளத்தில் எட்டில் ஒரு பங்கு. 1961இல் எடுத்த முடிவு ஏட்டுக்கணக்கில் சேமிப்பாகத் தோன்றியது. அதன் விலையை அடுத்த இரு தலைமுறைகள் செலுத்தின. இன்னும் செலுத்தி முடியவில்லை. நகரங்களின் போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் வண்டிகளின் பட்டியலோடு நில்லாமல், சாலையின் அகலம் காலந்தோறும் எவரெவர்க்குப் பிரித்தளிக்கப்பட்டது என்பதையும் ஆவணங்களின் வழி ஆராய்ந்தால், நிகழ்காலக் கொள்கை விவாதங்களுக்கும் அவ்வரலாறு பயன்படும்.